மருந்து முடிந்த மறுநாள்

கார்த்திகை மாதம் பிறந்து, ஐயப்பனுக்கு மாலையிட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டால், நேற்றுவரை அந்தி சாய்ந்ததும் மதுக்கடையைத் தவிர வேறு வழியறியாதிருந்தவர்களில் சிலர், இன்று கறுப்பு வேஷ்டி தரித்து, விடியுமுன் குளிர்ந்த நீரில் ஸ்நானம் செய்து, 41 நாள் மதுவைத் தொடாமல் இருப்பதைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணலாம். வைத்தியரின் உதவியோ போலீஸாரின் நிர்ப்பந்தமோ இல்லாமலே இந்த அதிசயம் வருஷந்தோறும் நிகழ்கிறது. மலையேறித் திரும்பி, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அவர்களிற் பலர் பழைய கடையின் வாசலில் பழைய சிநேகிதர்களோடு நிற்பதையும் அதே ஊரில் காணலாம். இதை வைத்துப் பக்தியைப் பரிகசிப்பவர்கள் உண்டு. அவர்கள் விஷயத்தின் சாரத்தைத் தவற விடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். அந்த 41 நாளும் அந்த மனிதரைப் பெற்ற பிள்ளைகூட 'சாமி' என்று அழைக்கிறது. காலையிலும் மாலையிலும் அவர் செய்தே தீரவேண்டிய காரியங்கள் இருக்கின்றன. கூடி உட்கார்ந்து பஜனை பாட ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர் ஒரு நாள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கக் குருசாமி ஒருவர் இருக்கிறார். மாலை கழன்ற தினத்தில் இவை அத்தனையும் சேர்ந்து கழன்றுபோகின்றன. குடி ஒன்றுதான் போன இடத்திலிருந்து திரும்பி வருகிறது.

ஆகவே, போதைப் பழக்கத்தை நிறுத்துவது எப்படி என்று கேட்பதைக் காட்டிலும், நிறுத்திய மறுநாள் அந்த மனிதர் எங்கே போவார், யாரோடு பேசுவார், எதைக்கொண்டு தமது சாயங்காலத்தை நிரப்புவார் என்று கேட்பதே இந்த விஷயத்தில் மூலமான கேள்வி. கல்வி, மறுவாழ்வு என்று நாம் தனித்தனியே பேசுகிற இரண்டும் இந்த ஒரே கேள்விக்கு விடை சொல்ல ஏற்பட்டவை. நம் நாட்டிலோ, கல்வி என்பது பெரும்பாலும் பயமுறுத்துவதாகவும், மறுவாழ்வு என்பது சில நாள் அடைத்து வைப்பதாகவும் சுருங்கிப்போயிருக்கிறது.

முதலில் வைத்தியம் செய்யும் வேலை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது அவசியமான வேலை. சில சமயங்களில் உயிரைக் காப்பாற்றும் வேலை. பல வருஷங்களாக நாள்தோறும் நிறையக் குடித்தவர் ஒருவர் சட்டென்று நிறுத்திவிட்டால், சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகவும், இல்லாத மனிதர்கள் கூப்பிடுவதாகவும் தோன்றி, நாளும் கிழமையும் மறந்து பிதற்றுகிற சன்னி காணலாம். சிகிச்சையின்றி விட்டால் இதனால் மரணமும் நேரக்கூடும். எனவே, வைராக்கியத்தை மட்டும் நம்பி வீட்டு அறையில் பூட்டி வைப்பது விபரீதமான காரியம். மருத்துவமனையில் நரம்புகளைச் சாந்தப்படுத்தும் மாத்திரைகளை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, குடியினால் உடம்பில் வற்றிப்போன பி-1 வைட்டமினை ஊசி மூலம் ஏற்றி, இந்தக் கண்டத்தைத் தாண்டச் செய்கிறார்கள். பிரவுன் சுகரோ, இப்போது இளைஞர்கள் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளுகிற வலி மாத்திரைகளோ ஆனால், நிறுத்தியவுடன் மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், எலும்பெல்லாம் முறிவதுபோல் வலிக்கும், வயிற்றுப்போக்கும் தூக்கமின்மையும் வாட்டும்; பொதுவாக உயிருக்கு ஆபத்து குறைவு, வேதனையோ அதிகம். எதுவானாலும் உடம்பைப் பொறுத்த இந்தக் கட்டம் ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

அடங்கியதும் முகத்தில் களை வருகிறது, பசி எடுக்கிறது, கணக்கு வழக்குகளை நினைவாகப் பேசுகிறார். வீட்டார் மனம் குளிர்ந்து, பையன் திருந்திவிட்டான் என்று அழைத்துக்கொண்டு போகிறார்கள். உடம்பு விஷத்தை மறந்ததே தவிர, மூளை மறக்கவில்லை என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இன்பத்தையும் எதிர்பார்ப்பையும் நமக்குக் கற்றுக்கொடுக்கும் டோபமைன் என்னும் இரசாயனத்தைப் போதைப்பொருள், உணவோ விளையாட்டோ பெருக்குவதைவிடப் பன்மடங்கு பெருக்கிவிடுகிறது. அப்படிப் பெருகிய வேளையில் சூழ இருந்த இடம், மணம், சகவாசம், சம்பள நாள், மனைவியோடு சண்டையிட்ட இரவு எல்லாவற்றையும் மூளை ஒன்றுவிடாமல் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அதே ஆட்டோ ஸ்டாண்டில் அதே சிநேகிதன் தோளில் கைபோட்டவுடன், யோசனை எழுவதற்கு முன்பே ஆசை எழுந்து நிற்கிறது. ஆசையைத் தடுத்து நிறுத்திப் பின்விளைவை யோசிக்கச் செய்யும் நெற்றிப்புற மூளையோ ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ச்சி முற்றுவதில்லை. பள்ளிப் பருவத்தில் தொடங்கும் பழக்கம் மற்றவற்றைவிடக் கெட்டியாக வேரூன்றுவதற்கு இது ஒரு காரணம்.

மனிதரைச் சூழ்ந்த வாழ்க்கைக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதற்கு அமெரிக்க நாட்டின் சரித்திரத்திலிருந்து இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1935ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகருக்கு அருகே, அபினி வகைகளுக்கு அடிமையானவர்களுக்கென்று அந்நாட்டு அரசாங்கம் ஒரு பிரம்மாண்டமான ஸ்தாபனத்தைக் கட்டியது. பாதி சிறைச்சாலை, பாதி வைத்தியசாலை. பரந்த பண்ணை நிலமும், மாட்டுத் தொழுவமும், தொழிற்கூடங்களும் அமைத்து, நல்ல காற்றிலும் உழைப்பிலும் நோயாளி புது மனிதனாவான் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். சிகிச்சையிலோ உபசாரத்திலோ பெரிய குறை வைக்கவில்லை. ஆயினும், அங்கிருந்து வெளியேறி நியூயார்க்குக்குத் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மறுபடியும் பழக்கத்தில் விழுந்திருந்தது தெரிந்தது. அவர்கள் திரும்பிச் சென்றது அதே தெருவுக்கு, அதே சகவாசத்துக்கு, பெரும்பாலும் அதே வேலையின்மைக்கு.

மற்றொன்று வியட்நாம் யுத்த காலத்தில் நடந்தது. அங்கே மலிவாகவும் சுத்தமாகவும் கிடைத்த ஹெராயினுக்கு அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அடிமைப்பட்டிருந்ததாகத் தெரிய வந்தபோது, இவர்கள் ஊர் திரும்பினால் நாட்டின் கதி என்னவாகும் என்று வாஷிங்டன் நகரமே கலங்கியது. 1971ஆம் ஆண்டு தொடங்கி, தாய்நாட்டுக்குக் கப்பலோ விமானமோ ஏறுமுன் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறவேண்டும் என்று விதித்தார்கள். லீ ராபின்ஸ் என்னும் பெண் ஆராய்ச்சியாளர் அந்தச் சிப்பாய்களை ஊரூராகத் தேடிக் கண்டுபிடித்து விசாரித்தார். அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தாம். மூன்று வருஷக் கணக்கெடுத்தாலும் நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் வைத்தியமே செய்துகொள்ளாதவர்கள். யுத்தத்தின் பீதியையும் சலிப்பையும் ஆயிரக்கணக்கான மைல் பின்னே விட்டு, தாயும் மனைவியும் வேலையும் காத்திருந்த வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் வயதிலும் பழக்கத்தின் நீளத்திலும் பேதங்கள் உண்டு என்பதால், இதிலிருந்து சூத்திரம் எதையும் வகுத்துவிட முடியாது. ஆனாலும், மறுவாழ்வு இல்லங்களை நடத்துவோர் தங்கள் கட்டடத்தின் சுவர்களைப் பற்றி எண்ணுவதைவிட, அதன் வாசலுக்கு வெளியே உள்ள தெருவைப் பற்றி அதிகம் எண்ண வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் பிரத்தியட்சமான சாட்சியம் கிடைப்பது அரிது.

இனிக் கல்விக்கு வருவோம். இதில் நம் நம்பிக்கைகளுக்கும் அனுபவத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. போதைப்பொருளின் கேடுகளைச் சிறுவர்களுக்கு நயமாகவும் பயமாகவும் எடுத்துச் சொன்னால் அவர்கள் தொடமாட்டார்கள் என்பது, கேட்பதற்கு இயல்பான யோசனை. 1983ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸார் இந்த யோசனையை 'டேர்' என்ற பெயரில் ஒரு பெரிய இயக்கமாகவே ஆக்கினார்கள். சீருடையணிந்த காவலர் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்துவார். பிள்ளைகள் பிரதிக்ஞை எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழும் பனியனும் கிடைக்கும். பெற்றோருக்குத் திருப்தி, அதிகாரிகளுக்குப் பெருமை. நாட்டின் பெரும்பகுதிப் பள்ளிகளுக்கு அது பரவிய பிறகு, பாடம் கேட்டவர்களையும் கேளாதவர்களையும் சில வருஷங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு சாராரிடமும் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த இயக்கமே பிற்பாடு தன் பாடத்திட்டத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் அலுவலகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளிலும், வெறுமே பயமுறுத்துவதாலும், தகவல் மட்டும் கொடுப்பதாலும், முன்பு அடிமைப்பட்டிருந்தவர்களை மேடையேற்றிச் சொந்தக் கதை சொல்லவைப்பதாலும் பள்ளிப் பிள்ளைகளிடையே பலன் விளைவதில்லை என்று ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டிருக்கிறது.

இந்தக் கடைசி விஷயம் நம்மவர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். மீண்டு வந்தவரின் கதையைக் கேட்டு உருகுகிறவர்கள் பெரியவர்கள். பதினைந்து வயதுப் பையனோ, எதிரே நிற்பவர் இருபது வருஷம் குடித்தும் புகைத்தும் நன்றாகத்தானே நிற்கிறார் என்று எடுத்துக்கொள்கிறான். புகையிலையால் வாய் அழுகிய படத்தைப் பார்த்துவிட்டு, அவன் தன் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொள்ளும் 'கூல் லிப்' புகையிலைப் பொட்டலத்தைப் பற்றி யோசிப்பதில்லை. அந்தப் படம் நாற்பது வயதுக்காரரைப் பற்றியது; தன் கவலை, இன்று பின்வரிசைத் தோழர்கள் நீட்டும்போது வேண்டாம் என்றால் நாளை தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது. அவனுக்கு வேண்டிய கல்வி, அவ்விதம் நீட்டப்பட்ட தருணத்தில் முகம் கோணாமல் மறுக்கும் சாமர்த்தியமும், கோபத்தையும் அவமானத்தையும் தாங்கும் பழக்கமும், மற்றவர்களெல்லாம் செய்கிறார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் பிரமையே என்னும் தெளிவும் ஆகும். இதை உபதேசமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. நீச்சலைப்போல இறங்கிப் பழகினால்தான் வரும். வகுப்பிலேயே ஒருவன் நீட்ட ஒருவன் மறுக்க, நாடகம்போல நடித்துப் பழக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1980களின் நடுவில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஏற்படுத்தப்பட்ட விளையாட்டு ஒன்றை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. போதை என்ற பேச்சே அதில் இல்லை. குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, அமைதியாக வேலை செய்யும் குழுவுக்குச் சிறு பரிசு கொடுத்துப் பாராட்டினார்கள். முரட்டுத்தனமான பையனைத் தண்டிக்கும் பொறுப்பு ஆசிரியரிடமிருந்து நீங்கி, அவனை அணைத்துப்போகும் பொறுப்பு தோழர்களுக்கு வந்தது. அக்குழந்தைகள் ஏறத்தாழ இருபது வயதை எட்டியபோது விசாரித்ததில், சிறுவயதில் முரடர்களாக இருந்த ஆண் பிள்ளைகளிடையே போதைப் பழக்கத்தின் தொல்லை கணிசமாகக் குறைந்திருந்தது. ஆறு வயதில் அடக்கத்தையும் தோழமையையும் கற்பித்தது இருபது வயதில் போதைத் தடுப்பாகப் பலித்தது என்பது, பள்ளி நிர்வாகிகள் ஆற அமர யோசிக்கத்தக்க விஷயம்.

ஐஸ்லாந்து தேசத்தார் இதை நாடு முழுவதற்கும் செய்து பார்த்தார்கள். 1998ஆம் ஆண்டில் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது நூற்றுக்கு 5 ஆகிவிட்டது. இடையில் அவர்கள் செய்ததெல்லாம், ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகளிடம் தவறாமல் கணக்கெடுத்து அந்த ஊர்ப் பெற்றோரிடமே முடிவைக் கொடுத்தது, விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் பயிற்சிக் கூடங்கள் அமைத்து, கட்டணம் செலுத்த ஏழைக் குடும்பங்களுக்கும் நகராட்சிப் பணம் கொடுத்தது, இரவில் பிள்ளைகள் தெருவில் சுற்றாதபடி நேரம் வகுத்தது, பெற்றோரைப் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கும்படி வற்புறுத்தியது ஆகியவைதாம். மூன்றரை லட்சம் ஜனங்கள்கூட அப்போது இல்லாத தேசத்துக்கு இது எளிது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் நம் நகரங்களில், மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்ட பிறகு ஒரு கூலித் தொழிலாளியின் மகன் காசில்லாமல் போய் விளையாடத்தக்க மைதானம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க, தேசத்தின் அளவு தடையாக இராது.

பயமுறுத்தாமல் கற்பிப்பதற்கு நம் நாட்டிலும் பழைய முன்மாதிரி உண்டு. ராஜாஜி, திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்திலிருந்து 1929ஆம் ஆண்டில் மதுவிலக்கிற்கென்றே 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகை நடத்தினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் அவருக்குத் துணையாக இருந்து கதைகள் எழுதினார். கதையும் சித்திரமுமாக வெளிவந்த பத்திரிகை அது. பிற்பாடு, 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தபோது, அதற்கு முன்பே ஜனங்களின் மனத்தில் சிறிதளவாவது உழவு நடந்திருந்தது. அந்தச் சட்டத்தின் பிற்காலச் சரித்திரத்தைப் பற்றி விவாதம் செய்வோர் செய்யட்டும். எழுத்தறிவு சொற்பமாயிருந்த காலத்தில், பயமுறுத்துவதைவிடச் சுவையாகப் பேசுவது பலிக்கும் என்று கண்ட அந்த யுக்தியை நமது இன்றைய சுவரொட்டிக்காரர்கள் கவனிக்கலாம்.

கல்வியைப் பற்றிய பேச்சை விடுமுன் ஒன்று சொல்ல வேண்டும். பையில் பொட்டலம் அகப்பட்ட மாணவனைச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றிவிடுவது சில பள்ளிகளின் வழக்கம். மற்றப் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று காரணம் கூறுவார்கள். பள்ளியோடு பிணைப்பு அறுந்த பையன்தான் போதைக்கு எல்லோரிலும் எளிதான இரை என்பது ஆராய்ச்சிகள் பலவும் கண்ட செய்தி. அப்படியிருக்க, அவனுக்கு மிச்சமிருந்த ஒரே கயிற்றையும் நம் கையாலேயே அறுத்துவிடுகிறோம்.

மறுவாழ்வு என்பதற்கு நம் நாட்டில் உருவம் கொடுத்தவர்களில் சாந்தி ரங்கநாதன் முக்கியமானவர். கணவர் டி.டி. ரங்கநாதன் குடி நோயினால் இளவயதிலேயே காலமான பிறகு, 1980ஆம் ஆண்டில் அவர் பெயரால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதுவே இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுவது. குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே கருதிய காலத்தில், வசதியான குடும்பத்துப் பெண்ணொருவர் தம் வீட்டுத் துயரத்தை மறைக்காமல், அதை நோய் என்று சொல்லிச் சிகிச்சை நிலையம் வைத்தது சாதாரணத் துணிவன்று. 1992இல் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த வியன்னா சிவில் சமூக விருதும் அவருக்குக் கிடைத்தன. அந்த நிலையத்தின் முறையில் நாம் கவனிக்க வேண்டியது, நோயாளிக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்களோ அதற்குக் குறையாமல் அவர் மனைவிக்கும் தாய் தந்தையருக்கும் கொடுத்தார்கள் என்பது. குடும்பத்தாருக்கென்றே தனியாக வகுப்புகள் நடக்கும். அங்கே வருகிற மனைவி, பெரும்பாலும் இத்தனை வருஷமாகக் கணவரின் குடியை ஊரார் கண்ணிலிருந்து மறைப்பதையே தன் கடமையாகக் கொண்டவள். காய்ச்சல் என்று அலுவலகத்துக்குப் பொய் சொல்லியிருப்பாள், அடகு வைத்துக் கடனை அடைத்திருப்பாள், இன்னொரு பக்கம் நாள் முழுதும் ஏசியுமிருப்பாள். இந்த நோய் தன்னால் வந்ததன்று, தன் அழுகையாலும் ஏச்சாலும் போகப்போவதுமன்று என்று அவள் முதன்முதலாகக் கேட்கிற இடம் அந்த வகுப்பு. கல்வியும் மறுவாழ்வும் ஒன்றோடொன்று கலக்கும் இடமும் அதுதான்.

அந்த நிலையத்தார் 1989ஆம் ஆண்டு தஞ்சைச் சீமையில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடி என்னும் கிராமத்தில் ஒரு முகாம் நடத்தினார்கள். பட்டணத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற ஒரு விவசாயக் கூலிக்கு இயலாது. கூலியும் போய், பிரயாணச் செலவும் சேர்ந்தால் குடும்பம் தாங்காது. ஆகையால் மருத்துவரும் ஆலோசகரும் கிராமத்துக்கே வந்து, இரண்டு வார அளவில், சிகிச்சையும் பேச்சும் குடும்ப வகுப்புமாக எல்லாவற்றையும் ஊருக்குள்ளேயே முடித்தார்கள். இதில் உள்ள நுட்பம் செலவுக் குறைவோடு நிற்பதில்லை. பட்டணத்துக்குப் போய்வந்தவனைப் பற்றி ஊரார் வதந்திதான் பேசுவார்கள். தங்கள் கண்முன்னே, தங்கள் ஒத்தாசையோடு பதினைந்து நாள் பாடுபட்டவனைப் பற்றி அவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டாகிறது. நாட்டாண்மைக்காரரும், வேலை கொடுக்கும் மிராசுதாரரும், டீக்கடைக்காரரும் முகாமைப் பார்த்தவர்களாயிருப்பார்கள். லெக்சிங்டனில் சுவருக்கு வெளியே விட்டுவிட்ட தெருவை இங்கே முகாமுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

பிறகு தொடரும் மாதங்களுக்கு உதவ 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' போன்ற சங்கங்கள் உண்டு. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஒரு பங்குச் சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவரும் குடியர்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே குடியாமலிருக்கக் கண்டதில் பிறந்த இயக்கம் அது. கட்டணமில்லை, சந்தாவில்லை, குடியை நிறுத்த விருப்பம் ஒன்றே தகுதி. தமிழ்நாட்டு நகரங்களில் மாதா கோயில் கூடத்திலோ பள்ளிக்கூட அறையிலோ மாலை வேளையில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கடை திறந்திருக்கும் அதே நேரத்தில் போய் உட்கார வேறோர் இடம் இருப்பதே பாதி சிகிச்சை.

இந்த நல்ல உதாரணங்களுக்கு எதிரே வேறு காட்சிகளும் உண்டு. குடிப்பவருக்குத் தெரியாமலேயே காப்பியில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கச் செய்யும் மருந்து என்று சுவர்களிலும் பஸ்களிலும் விளம்பரம் காண்கிறோம். டைசல்ஃபிராம் என்னும் மாத்திரை உண்மையில் இருக்கிறது. 1940களின் இறுதியில் டென்மார்க் தேசத்தில் இதன் பயன் கண்டறியப்பட்டது. அதை உட்கொண்டவர் மதுவருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் கண்டு, இரத்த அழுத்தம் சரிந்து, சில சமயம் உயிருக்கே மோசம் வரும். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்டால் அது ஒரு துணை. அறியாமல் கலக்கப்பட்டால் அது விஷம் வைப்பதற்குச் சமானம். அப்படிப்பட்ட விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்னும், மறுவாழ்வு இல்லம் என்ற பலகையின் கீழ் மனிதரைக் கட்டிப்போட்டும் அடித்தும் 'திருத்துகிற' வீடுகள் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் நேரும் மனநிலைக் கோளாறுகளையும் தன்னுள் அடக்கியது. சங்கிலியால் பிணைப்பதை அது எவ்விதத்திலும் அனுமதிப்பதில்லை. பதிவு பெறாத நிலையம் இயங்கக் கூடாது. பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்குமுன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதும், மருத்துவர் தினமும் வருகிறாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று விசாரிப்பதும் பெற்றோர் கையில் இருக்கிற காரியங்கள்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் கணக்கிட்டது. மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் ஏன் வரவில்லை? இடமில்லை என்பது ஒன்று. வெட்கம் இன்னொன்று. கஞ்சாவோ மாத்திரையோ ஆனால் சட்டத்தின் பயமும் சேர்ந்துகொள்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்னும் பிரிவு இருப்பதைப் பலர் அறியார்: சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தாமே விரும்பி அரசாங்கம் நடத்தும் நிலையத்திலோ அரசாங்க அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ சிகிச்சை மேற்கொண்டு அதை முடித்தால், வழக்குத் தொடர்வதிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. போர்ச்சுகல் தேசம் 2001ஆம் ஆண்டிலேயே இன்னும் தூரம் சென்று, சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், சட்டமும் மருத்துவமும் சமூக சேவையும் அறிந்த சிறு குழுவின் முன் அனுப்பியது. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. போன தூரத்தையாவது வழக்கறிஞர்களும் போலீஸாரும் பெற்றோருக்குச் சொல்லலாம்.

மறுவீழ்ச்சியைப் பற்றிக் குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர்வரை ஒரு கட்டத்தில் மீண்டும் பழக்கத்தைத் தொடுகிறார்கள். இரத்தக் கொதிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் வைத்தியம் செய்துகொள்பவர்கள் மீண்டும் நோய்ப்படுகிற விகிதமும் ஏறக்குறைய இதுவே. கொதிப்பு ஏறினால் மருந்தை மாற்றுகிறோமேயன்றி நோயாளியை வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. இங்கு மட்டும், இத்தனை செலவழித்தும் பயனில்லையே என்று கைகழுவிவிடத் தோன்றுகிறது. ஊசி வழியாக அபினி வகைகளை ஏற்றிக்கொண்டவர் விஷயத்தில் இந்தக் கைகழுவல் பிராணாபத்தாக முடியலாம்; சில வாரம் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், ஆனால் மனமோ பழைய அளவையே கேட்கும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு இல்லத்திலிருந்தும் வெளிவந்த முதல் சில வாரங்களில் மரணம் அதிகமாயிருப்பதற்கு இதுவே ஹேது. இத்தகையவர்களுக்கென்று அரசாங்க நிலையங்களில் புப்ரனார்ஃபின் மாத்திரையை நாள்தோறும் மருந்தகத்திலேயே நாவினடியில் வைத்துக் கரையச் செய்யும் சிகிச்சை உண்டு. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்பவர்கள், அந்த மாத்திரையின் பலத்தில் ஒருவர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் சம்பளத்தோடு வீடு திரும்புகிறார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கே தொடங்குவதென்று தெரியாத வீடுகளுக்கு, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஒரு வாசல். மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் மற்றொன்று. அழைப்பவர் அடிமைப்பட்டவராகவே இருக்க வேண்டுமென்ற நியதியில்லை. மகன் சம்மதிக்கும்வரை காத்திராமல் தாய் அழைக்கலாம், கணவர் தூங்கும்போது மனைவி அழைக்கலாம், வகுப்பில் ஒரு பையனின் கண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஆசிரியரும் அழைக்கலாம்.